லயத்துத் தகரத்துக்குத் துரு ஏற்றுவது எப்படி

அரை அங்குலம் என்பது ஒரு அடி. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டால் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா ஒன்று ஐந்து அங்குலத்துக்கு ஆறு அங்குலமாகச் சுருங்கிவிடும். ஒரு ஏ4 தாளில் இரண்டு காம்பராவை வரைந்தாலும் ஓரத்தில் இடம் மிச்சம் இருக்கும். ஆறு காம்பரா உள்ள லயம் முப்பது அங்குல நீளம் வரும். மொடல் செய்கிற ஆட்கள் இந்த அளவை 1:24 என்பார்கள்.

நாங்கள் மூன்று பேர். மூன்று பேரும் பேராதனையில் ஆர்ட்ஸ் பெக்கல்டி. ஒருவர் வரலாறு, ஒருவர் புவியியல், ஒருவர் தமிழ். மூன்று பேரின் வீடும் அக்கரப்பத்தனைப் பக்கம். தலவாக்கலையில் டயகம பஸ் ஏறி, லிந்துலை, நாகசேனை, ஹோல்புரூக் என்று கண்ணை மூடிக்கொண்டே வளைவுகளை எண்ணத் தெரிந்தவர்கள். சித்திரம் ஒரு பாடமாகப் படித்தவர் எங்களில் யாரும் இல்லை. போன வருச நீண்ட லீவில் எங்கள் லயங்களில் ஒன்றை அளந்து, அதை மொடலாகச் செய்தோம். கட்டி முடிக்க இரண்டு வாரம் எடுத்தது. அதைப் பழசாக்க ஏழு வாரம் எடுத்தது. அந்த ஏழு வாரத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

ஏன் மொடல் என்று கேட்பீர்கள். 2023 இல் மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்துபோனார்களே, அந்தக் காலத்தில் எங்கு பார்த்தாலும் லயத்துப் படங்கள். பாதிக்கு மேல் கறுப்பு வெள்ளை. மிச்சப் படங்கள், தோட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் ரோட்டில் நின்று எடுத்தவை. கறுப்பு வெள்ளையில் துரு தெரியாது, பாசி தெரியாது, கதவின் நீலம் தெரியாது. ரோட்டில் நின்றால் பின்சுவர் தெரியாது. எங்களுக்கு நிறமும் பின்சுவரும் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் ஆரம்பம்.

தொடங்குவதற்கு முன்பு இரண்டு இடங்களுக்குப் போனோம். ஒன்று கண்டி ஹந்தானையில் உள்ள தேயிலை நூதனசாலை. 1925 இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலைக்குள் இருக்கிறது. உருளை இயந்திரங்களெல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து, பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். இன்னொன்று கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் உள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை. 2007 இல் ஒரு பழைய லயத்தையே நூதனசாலை ஆக்கியிருக்கிறார்கள். இரண்டையும் பார்க்காத ஆட்கள் ஒரே நாளில் பார்த்துவிட்டு வாருங்கள். எதைத் துடைத்து வைக்கிறோம், எதை அப்படியே விடுகிறோம் என்ற கேள்வி எங்களுக்கு அங்கேதான் முதலில் வந்தது.

மொடல் உலகத்தில் இந்தப் பழசாக்குகிற வேலைக்கு வெதரிங் என்று பெயர். ஜப்பானில் ஷிசுவோகா நகரத்தின் தமியா கம்பனி மாதிரியான ஆட்கள் 1:35 அளவில் யுத்த டாங்கிகள் விற்பார்கள். வாங்குகிறவர் அதை ஒட்டி, பெயின்ட் அடித்து, அதன் மேல் சேறு, துரு, டீசல் கறை எல்லாம் ஏற்றுவார். அதற்கென்று போட்டிகள், புத்தகங்கள், தனித் தூள்கள், தனி மைகள் இருக்கின்றன. யூடியூப்பில் மணிக்கணக்காகப் பார்த்தோம். அருமையான வேலை. ஆனால் டாங்கிக்குள் யாரும் பிள்ளை வளர்ப்பதில்லை. டாங்கியின் துருவை ரசிப்பதில் யாருக்கும் சங்கடமில்லை. வீட்டின் துரு வேறு விசயம் என்பது எங்களுக்குப் போகப்போகத்தான் புரிந்தது.

முதலில் கூரை. லயத்துத் தகரத்தின் நெளிவுகளுக்கு இடையே மூன்று அங்குல தூரம் இருக்கும். 1:24 இல் அது சுமார் மூன்று மில்லிமீட்டர். அதே தடிப்புள்ள மூங்கில் குச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒரு அச்சு செய்தோம். தடித்த அலுமினியத் தாளை அதன்மேல் வைத்து, பேனா மூடியால் அழுத்தித் தேய்த்தால் நெளிந்த தகரம் தயார். நீளத்துக்கு வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி ஒட்டினோம். அலுமினியம் துருப்பிடிக்காது. ஆகவே துரு முழுக்க முழுக்க எங்கள் கையில்.

உண்மையான தகரம் இரும்புதான். அதன் மேல் நாகப் பூச்சு இருக்கும். இரும்புக்குப் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுத்துத்தான் நாகம் அதைக் காப்பாற்றுகிறது. நாகம் தீர்ந்த இடத்தில் துரு தொடங்கும். அது எங்கே தீரும்? வெட்டிய விளிம்பில், ஆணி அடித்த ஓட்டையில், ஒரு தகரம் இன்னொன்றின் மேல் ஏறி ஈரம் தேங்குகிற இடத்தில். ஆகவே கூரை முழுக்க ஒரே மாதிரி மண்ணிறம் பூசினால் அது துருவாக இருக்காது, பெயின்டாகத்தான் இருக்கும். ஆணியிலிருந்து தொடங்க வேண்டும். அங்கிருந்து மழைத்தண்ணி ஓடுகிற திசையில் கீழே இழுக்க வேண்டும். புதுத் துரு செம்மஞ்சள், பழைய துரு கறுப்புக்குக் கிட்டிய மண்ணிறம். இரண்டும் ஒரே தகரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சில தகரம் மட்டும் பளிச்சென்று வெள்ளியாக இருக்கும். அது போன வருசக் காற்றில் பறந்ததற்குப் பதிலாகப் போட்டது. இன்னும் சில இடத்தில் தார் பூசியிருக்கும். தார் பூசியது யாரென்றால் அநேகமாக அந்தக் காம்பராக்காரர்தான்.

கூரைக்கு மேலே கல். ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குக் கல் எதற்கென்று சொல்லத் தேவையில்லை. கல், பழைய டயர், மண் நிரப்பிய உரப்பை. எங்கள் லயத்தில் உள்ளதை எண்ணி, அதே இடத்தில் அதே எண்ணிக்கையில் வைத்தோம்.

இப்போது லைட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெதரிங் வேலையில் பாதி லைட்தான்.

அக்கரப்பத்தனையில் பகல் வெளிச்சத்தை நம்பி வேலை செய்ய முடியாது. காலை பத்து மணி வரை நல்ல வெயில் இருந்தாலும் இரண்டு மணிக்கு மிஸ்ட் இறங்கிவிடும். மிஸ்ட்டுக்குள் நிழலே இருக்காது. நிழல் இல்லாவிட்டால் தகரத்தின் நெளிவு தெரியாது, எங்கே குழி எங்கே மேடு என்று தெரியாது. காம்பராவுக்குள் போனால் மஞ்சள் பல்ப். அதற்கும் சாயந்தரம் எல்லோரும் சமைக்கிற நேரம் கரண்ட் இறங்கும்.

எங்கள் லயத்திலிருந்து ஒரு துண்டுத் துருத் தகரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தோம், பார்த்துச் செய்ய. பக்கத்தில் பாத்தியிலிருந்து எடுத்த செம்மண். பழைய மஞ்சள் பல்புக்குக் கீழே துருவும் செம்மண்ணும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. கதவின் நீலம் கறுத்துப் போயிருந்தது. மலிவான வெள்ளை எல்.ஈ.டி. பல்பைப் போட்டோம். நீலம் எழும்பி வந்தது, துரு செத்துவிட்டது. காரணம் இதுதான். சூடான கம்பி எரிகிற பழைய பல்பின் ஒளியில் சிவப்பு நிறைய, நீலம் குறைவு. மலிவான எல்.ஈ.டி. இல் நீலம் நிறைய, சிவப்பு குறைவு. ஒரு பொருளில் என்ன நிறம் இருந்தாலும், மேலே விழுகிற ஒளியில் அந்த நிறம் இருந்தால்தான் நம் கண்ணுக்குத் திரும்பி வரும்.

பல்ப் வாங்கும்போது பெட்டியில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று கெல்வின். 2700 என்றால் மஞ்சள், 5000 முதல் 6500 வரை பகல் வெளிச்சத்துக்குக் கிட்டியது. இன்னொன்று சீ.ஆர்.ஐ. என்று எழுதியிருக்கும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்கு எத்தனை என்ற புள்ளி அது. 90 க்கு மேல் வாங்குவது நல்லது. இதிலும் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். அந்தப் புள்ளியை எட்டு மங்கலான நிறங்களை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். கடும் சிவப்பு அந்த எட்டில் இல்லை. அதற்கு ஆர்9 என்று தனி எண் உண்டு, அநேகமாகப் பெட்டியில் போடமாட்டார்கள். அதாவது நல்ல புள்ளி வாங்கிய லைட்டும் துருவை மட்டும் கைவிட்டுவிடலாம். ஆகவே கடைக்குப் போகும்போது ஒரு துருத் தகரத் துண்டைப் பொக்கட்டில் போட்டுக்கொண்டு போங்கள். நாங்கள் கண்டியில் அப்படித்தான் வாங்கினோம். கடைக்காரத் தம்பி எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் ஐந்து பல்பைப் போட்டுக் காட்டினார்.

இரண்டு மேசை விளக்கு. வலது கைக்காரர் என்றால் ஒன்று இடது முன்பக்கம், கையின் நிழல் வேலையில் விழாமல் இருக்க. இன்னொன்று எதிர்ப்பக்கம், கொஞ்சம் தள்ளி, நிழலை மென்மையாக்க. அவ்வப்போது ஒன்றை அணைத்துவிட்டு, மற்றதைச் சுவரோடு சுவராகத் தாழ்த்திப் பிடியுங்கள். காலை ஏழு மணி வெயில் மலையைத் தாண்டி லயத்தில் படுகிற மாதிரி ஒளி சரிந்து விழும். சுவரின் ஒவ்வொரு புடைப்பும் அப்போது தெரியும். பெயின்ட் எங்கே தடித்துவிட்டது, எங்கே பிடிக்கவில்லை என்பதும் தெரியும்.

இன்னொரு கணக்கும் உண்டு. மொடலை இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் உண்மையான லயத்தை 48 அடி தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் எந்த நிறமும் கொஞ்சம் வெளுத்துத்தான் தெரியும். ஆகவே எல்லா நிறத்திலும் ஒரு துளி வெள்ளையோ சாம்பலோ கலந்தோம். டப்பாவிலிருந்து அப்படியே அடித்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி ஆகிவிடும்.

சுவருக்கு ரெஜிபோம், அதன் மேல் சுவருக்குப் பூசுகிற புட்டி, அதன் மேல் அக்ரிலிக். மழை கூரையிலிருந்து விழுந்து நிலத்தில் பட்டுத் தெறிப்பதால் சுவரின் அடியில் ஒன்றரை அடி உயரத்துக்குச் செம்மண் கறை இருக்கும். மொடலில் அது முக்கால் அங்குலம். நிஜமான செம்மண்ணைப் பழைய சேலைத் துணியில் சலித்து, தண்ணியில் கரைத்து, பழைய பற்தூரிகையால் தெறிக்கவிட்டோம். புகைக்கு எங்கள் அடுப்புக் கரியையே அரைத்தோம். இடுக்குகளுக்கு, ஒரு பங்கு கறுப்பு மண்ணிறத்தைப் பத்துப் பங்கு தண்ணியில் கலந்து, பாத்திரம் கழுவுகிற லிக்குவிட் ஒரு துளி விட்டால், அது தானாகவே ஓடிப்போய் மூலையில் உட்காரும்.

மரத்துக்குத்தான் நல்ல வித்தை. வினாகிரியில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைச் சில நாள் ஊறப் போடுங்கள். மரக்குச்சியில் முதலில் கடும் சாயத் தேத்தண்ணி பூசிக் காயவிடுங்கள். பிறகு அந்த வினாகிரியைப் பூசுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரம் சாம்பலாகி, கறுத்து, ஐம்பது வருசப் பலகை ஆகிவிடும். தேயிலையில் உள்ள டெனினும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. எங்கள் அம்மா எடுத்த கொழுந்து எந்தப் பெட்டியில் எந்த நாட்டுக்குப் போனதோ தெரியாது, ஒரு கோப்பை மட்டும் எங்கள் லயத்துக் கதவு நிலைக்குத் திரும்பி வந்தது.

கதவு வேறு கதை. கதவின் பெயின்ட் உரிந்த இடத்தில் நீலத்துக்குக் கீழே பச்சை தெரியும், பச்சைக்குக் கீழே காவி. ஒவ்வொன்றும் ஒரு தீபாவளி. அட்வான்ஸ் காசில் உடுப்பு போக மிஞ்சினால் பெயின்ட். மொடலில் இதற்கு ஹெயார் ஸ்பிரே முறை உண்டு. அடி நிறத்தின் மேல் ஹெயார் ஸ்பிரே அடித்து, மேல் நிறத்தைப் பூசி, காய்ந்ததும் ஈரத் தூரிகையால் தேய்த்தால் மேல் நிறம் மட்டும் பொத்துப் பொத்தாக உரியும். மூன்று நிறத்துக்கு இரண்டு தடவை. ஆறு கதவுக்கும் வேறு வேறு வரிசை, ஏனென்றால் ஆறு குடும்பமும் வேறு வேறு வருசத்தில்தான் பெயின்ட் வாங்கியிருக்கிறார்கள்.

நான்காவது வாரம் லயம் நன்றாகப் பழசாகியிருந்தது. எங்களுக்கு ஒரே சந்தோசம். அப்போதுதான் எங்களில் ஒருவரின் அம்மாயி வந்து பார்த்தார். எழுபது தாண்டியவர், முப்பத்தைந்து வருசம் அந்தத் தொங்கல் காம்பராவில் இருந்தவர். இரண்டு விளக்குக்கும் கீழே குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது யாரு வூடு?"

"நம்ம லயந்தான் அம்மாயி. பாருங்க, இது ஒங்க காம்பரா."

"எங் காம்பராவா? நா எப்ப புள்ள இப்புடிப் போட்டு வச்சிருந்தேன்?"

அவர் விரல் இஸ்தோப்பைக் காட்டியது. இஸ்தோப்புத் தரையிலும் செம்மண் கறை ஏற்றியிருந்தோம். சுவர் முழுக்கப் புகை, மேலிருந்து கீழ் வரை. யூடியூப்பில் பார்த்த பழைய வீடுகள் அப்படித்தான் இருந்தன.

"வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம சாணி போட்டு மொழுகுன எடம் இது. தீவாளிக்குச் சுண்ணாம்பு. எட்டுற வரைக்கும் அடிப்பேன், எட்டாத எடத்துக்கு ஒங்க தாத்தா மேச மேல ஏறுவாரு. தகரம் துருப்புடிச்சா அது தோட்டத்து வேல. எத்தன தடவ ஆபீசுல போயி சொல்லியாச்சு. கான் அடச்சிருந்தா அதுவும் அவுங்க வேல. செவரு அழுக்கா இருந்தா அது என் வேல. எல்லாத்தையும் ஒண்ணாப் பூசி வச்சிருக்கீங்களே."

இதற்குப் பிறகுதான் எங்களுக்கு உண்மையான வேலை தொடங்கியது. அதுவரை நாங்கள் கேட்டது, இந்தக் கறை எப்படி வந்தது என்ற கேள்வியை. மழை, புகை, மண். அம்மாயி கேட்டது, இதைத் துடைக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியை. இரண்டுக்கும் பதில் வேறு.

லயம் இருப்பவருக்குச் சொந்தமில்லை. கோப்பிக் காலத்தில் ஆட்கள் சீசனுக்கு வந்து போனார்கள், அவர்கள் தங்கப் போட்ட வரிசைக் கொட்டில்தான் இதன் தொடக்கம். 1869 இல் இலங்கையில் கோப்பி இலையில் ஒரு பங்கசு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கும் துரு என்றுதான் பெயர், இலையில் செம்மஞ்சள் தூளாகப் படர்வதால். அடுத்த இருபது வருசத்துக்குள் கோப்பி விழுந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு வருசம் முழுக்கக் கொழுந்து எடுக்க ஆள் வேண்டும். வந்து போன ஆட்கள் குடும்பத்தோடு தங்கினார்கள். தற்காலிகக் கொட்டிலின் அமைப்பு மட்டும் அப்படியே நிரந்தர வீடாகிவிட்டது. கூரையும் கானும் தோட்டத்தின் பொறுப்பு. நாமாகவே பெரிதாக மாற்றிக் கட்டினால் கேள்வி வரும். விளக்குமாறும் சுண்ணாம்பும் எட்டுகிற இடம் மட்டும் நம்முடையது.

ஆகவே லயத்தை மறுபடி அளக்கப் போனோம். இந்தத் தடவை டேப்போடு அம்மாயியும் வந்தார். சுவரில் சுண்ணாம்பு எவ்வளவு உயரத்துக்குப் போயிருக்கிறது என்று பார்த்தோம். நிஜமாகவே ஒரு கோடு இருந்தது. ஒவ்வொரு காம்பராவிலும் ஏழடிக்குக் கிட்ட, கொஞ்சம் மேலே கீழே, ஒரு பெண்ணின் கை எட்டுகிற உயரத்தில். கோட்டுக்குக் கீழே வெள்ளை, மேலே புகை. ஒரு காம்பராவில் மட்டும் கோடு தாழ்ந்திருந்தது. அங்கே இப்போது ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். இன்னொன்றில் கூரை வரைக்கும் வெள்ளை. அந்த வீட்டு மகன் கொழும்பில் பெயின்ட் வேலை செய்கிறவர், தீபாவளிக்கு வந்துபோவார். இத்தனை வருசம் அந்தச் சுவர்களுக்கு நடுவில் நடந்திருக்கிறோம். ஆனால் அந்தக் கோட்டை ஒரு கோடாகப் பார்த்தது, நிறத்தைப் பார்க்கக் கண்ணைப் பழக்கிய பிறகுதான்.

வாசல்படி நடுவில் தேய்ந்து பளபளப்பாக இருந்தது. கதவு நிலையில் தோள் உரசுகிற உயரத்தில் ஒரு மினுக்கம், அதற்குக் கீழே பிள்ளைகளின் கை உயரத்தில் இன்னொன்று. இவை அழுக்கில்லை, ஆள் இருந்த தடம். மெல்லிய வார்னிஷைத் தொட்டுத் தொட்டு அந்த மினுக்கத்தை வைத்தோம். பின்சுவர் வேறு மாதிரி. மலையை வெட்டிய மண்ணுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கான். கான் அடைத்தால் ஈரம் சுவருக்குள் ஏறும். அந்த ஈரக் கோடும் பச்சைப் பாசியும் கருங்கல் வரை போகும். அதைத் துடைக்க எந்த விளக்குமாறும் உதவாது.

மொடலைத் திருத்தினோம். கூரை, கான், பின்சுவர் மூன்றிலும் ஒன்றையும் குறைக்கவில்லை. தகரத்தில் துரு இன்னும் கூடியது. இஸ்தோப்பின் கறையைச் சுரண்டி எடுத்து, சாணி மெழுகிய அரைவட்ட விரல் தடங்களை மெல்லிய தூரிகையால் வரைந்தோம். ஆறு சுவருக்கும் ஆறு உயரத்தில் வெள்ளை. இப்போது மொடலைப் பார்த்தால் அழுக்கு எங்கே தொடங்குகிறது, சுத்தம் எங்கே முடிகிறது என்பது ஒரு கணக்குப் புத்தகம் மாதிரி வாசிக்கக் கிடைக்கும். அம்மாயி இரண்டாவது தடவை பார்த்தபோது ஒன்றும் சொல்லவில்லை. தொங்கல் காம்பரா வாசலில் ஒரு ரோசாச் செடி இருந்தது என்று மட்டும் சொன்னார். வைத்தோம்.

இப்படி ஒரு மொடலைக் கவனமாகப் பழசாக்கி, அதை மற்றவர் உற்றுப் பார்க்க வைத்தது நாங்கள் முதல் ஆட்களில்லை. அமெரிக்காவில் பிரான்செஸ் கிளெஸ்னர் லீ என்ற பெண் 1940களில் 1:12 அளவில் சின்னச் சின்ன அறைகள் செய்தார். மர்மமான மரணங்களை விசாரிக்கப் பொலிஸாரைப் பழக்குவதற்காக. பல அறைகள் ஏழை எளிய ஆட்களின் வீடுகள். தேய்ந்த விரிப்பு, கறைபட்ட சுவர் எல்லாம் கணக்காக இருக்கும், ஏனென்றால் ஒவ்வொன்றும் தடயம். 2017 இல் வாஷிங்டனில் ரென்விக் கலைக்கூடத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது, உள்ளே இருந்த பழைய சூடான பல்புகளை எடுத்துவிட்டு எல்.ஈ.டி. போட்டார்கள், சூட்டில் பொருட்கள் கெடாமல் இருக்க. அந்தப் படங்களைப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. அறையைத் தடயமாகச் செய்தால் பார்ப்பவர் "ஐயோ பாவம்" என்று நின்றுவிட மாட்டார், "யார் செய்தது" என்று தேடுவார்.

எங்கள் மொடலுக்குள்ளும் லைட் வைத்தோம். எவ்வளவு வெளிச்சம் என்பதில் எங்களுக்குள்ளே பெரிய சண்டை. ஒருவர், உள்ளே நன்றாகத் தெரிய வேண்டும், இவ்வளவு வேலை செய்திருக்கிறோம் என்றார். மற்ற இருவரும், காம்பராவில் அவ்வளவு வெளிச்சம் எப்போது இருந்தது என்று கேட்டோம். சமையலறைக் கூரையில் ஒரு தகரம் மட்டும் கண்ணாடி மாதிரி ஒளி விடுகிற பிளாஸ்டிக் தகரம். பகலில் அதுதான் லைட். எங்கள் அம்மாமார் குப்பி விளக்கில் படித்தவர்கள். இதில் ஒன்றை நினைத்துப் பாருங்கள். எங்கள் பக்கத்து ஆக்ரா ஓயாதான் கொத்மலை ஓயாவில் சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. அந்தத் தண்ணியைத் தலவாக்கலையில் மறித்து 2012 இலிருந்து மேல் கொத்மலை மின்நிலையம் 150 மெகாவாட் கரண்ட் எடுக்கிறது. அந்த ஆற்றின் தலைமாட்டில் இருக்கிற காம்பராவில் சாயந்தரமானால் பல்ப் மங்குகிறது. கடைசியில் ஒரு காம்பராவுக்கு ஒரு சின்ன மஞ்சள் எல்.ஈ.டி. என்று முடிவானது. குனிந்து, கண்ணைப் பழக்கி, கொஞ்ச நேரம் நின்றால்தான் உள்ளே சாமிப் படமும் அடுக்கிய விறகும் தெரியும்.

கம்பஸில் ஒரு சின்னக் கண்காட்சியில் வைத்தோம். மண்டபத்து டியூப் லைட் நேர் மேலிருந்து விழுந்ததால் கூரை மட்டும் மினுங்கியது, இஸ்தோப்பு இருட்டு. எங்கள் மேசை விளக்கைக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் தாழ வைத்ததும் லயத்துக்குக் காலை விடிந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு தோழி, "ச்சா, என்ன அழகான துரு, அப்படியே விண்டேஜ்" என்று போட்டோ எடுத்தார். மனம் நிறைந்துதான் சொன்னார். பொகவந்தலாவையிலிருந்து வந்த ஒரு ஜூனியர் தம்பி போட்டோ எடுக்கவில்லை. கூரைக் கல்லை எண்ணினார். பிறகு எங்களைப் பார்த்து, "அண்ணே, நாலாவது காம்பராவுக்கு மேல கல் பத்தாது, அடுத்த காத்துல போயிரும்" என்றார். நிஜத்திலும் அந்தத் தகரம்தான் போன ஜூலையில் போனது.

இரண்டு பேரும் ஒரே துருவைத்தான் பார்த்தார்கள். அந்தத் தோழியைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. அழகாகத்தான் இருந்தது, ஏழு வாரம் அதற்காகத்தான் உழைத்தோம். ஆனால் அடுத்த நாள் மொடலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை வைத்தோம். வெள்ளைக் கோட்டுக்குக் கீழே உள்ளதைப் பார்த்துக்கொள்பவர் இந்தக் காம்பராவில் இருக்கிறவர், மேலே உள்ளதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் வேறொருவர் என்று. அதற்குப் பிறகு வந்தவர்கள் துருவைப் பார்த்துவிட்டுக் கோட்டைத் தேடினார்கள். சிலர் யார் அந்த வேறொருவர் என்று கேட்டார்கள்.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தபோது நாங்கள் ஸ்கூல் பிள்ளைகள். வீடு வந்த இடமும் உண்டு, வராத இடமும் உண்டு. எங்கள் லயம் இன்னும் அங்கேயே இருக்கிறது. ஒரு நாள் அது இல்லாமல் போக வேண்டும் என்றுதான் நாங்களும் விரும்புகிறோம். தனி வீடு, தனிக் கூரை, நம் பெயரில் உறுதி. அந்த நாள் வந்தால் இந்த லயத்துக்காக யாரும் அழமாட்டோம். ஆனால் அந்த ஆறு வெள்ளைக் கோடுகளும் அதோடு போய்விடும். அவற்றை எந்த அளவைப் படத்திலும் யாரும் குறித்து வைக்கவில்லை.

மொடல் இப்போது பொலித்தீன் சுற்றி எங்கள் போடிங்கில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அக்கரப்பத்தனைக்குக் கொண்டுபோகலாம் என்றால், பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் முப்பது அங்குல லயத்தை வைக்க இடம் இல்லை. அம்மாயியிடம் கேட்டோம். "இருக்குறவங்களுக்கே எடமில்ல" என்று சிரித்தார்.

உங்கள் லயத்தையும் அளந்து வையுங்கள் தம்பி தங்கச்சிமாரே. மொடல் செய்யாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு டேப், ஒரு கொப்பி போதும். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள், வெயில் சரிந்து விழும்போது போட்டோ எடுங்கள். முன்பக்கம் மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள், பின்பக்கக் கானுக்கும் இறங்குங்கள். கதவில் எத்தனை நிறம் என்று எண்ணுங்கள். சுண்ணாம்பு எத்தனை அடி வரை போயிருக்கிறது என்று அளந்து, அதை அடித்தவரின் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள்.